நன்றாக விழுந்தவனுக்கு ஒரு விருது

என் தம்பி கழுத்து முறிந்து மேடையில் கிடந்தபோது நான் கை தட்டிக்கொண்டிருந்தேன். பதறி எழுந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "உக்காரும்மா, நடிப்புதான், சூப்பரா பண்ணுதான்" என்று சொன்னேன். ஆறு வருடமாக இதை அவனிடம் சொல்லவில்லை. இந்த வருடம்தான் சொன்னேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. லோதி ரோடு பக்கம் ஒரு அலுவலகத்தில் கோப்புகளில் குறிப்பு எழுதுகிறவள். உள்ளதைச் சொல்வேன், அவ்வளவுதான்.

நாங்கள் இரண்டு பேரும் டெல்லியில் பிறந்தவர்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சர்க்கார் வேலைக்கு வந்தவர். மோதி பாகில் குவார்ட்டர்ஸ், முதல் மாடி, இரண்டு அறை. வெளியே இந்தி, வீட்டுக்குள் அம்மாவின் திருநெல்வேலித் தமிழ். நான் ஒன்பதாவது படிக்கும்போது கேபிள்காரர் வேப்பமரத்துக் கிளைகளில் சுற்றி எங்கள் ஜன்னல் வரை வயரை இழுத்து வந்தார். அதில் வந்த எத்தனையோ நிகழ்ச்சிகளில் எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். அமெரிக்காக்காரர்களின் ரெஸ்லிங். தம்பி என்னைவிட நாலு வயது சின்னவன். ரெஸ்லிங்காரர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டு கட்டு ஒன்று அவனிடம் இருந்தது. ஒவ்வொருவனின் உயரம், எடை, மார்பளவு எல்லாம் அவனுக்குப் பாடம். கரண்ட் போனால் அதை வைத்து விளையாடுவோம். கார்டைப் பார்க்காமலே சொல்வான்.

அம்மாவுக்கு ரெஸ்லிங் ஆகாது. அவளுக்குப் பிடித்தது சினிமா விருது விழாக்கள். நடிகன் மேடை ஏறி, கோப்பையைக் கையில் வாங்கி, குரல் உடைந்து தன் அம்மாவை நினைத்துப் பேசினால் எங்கள் அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். "பாவம், எம்புட்டு கஷ்டப்பட்டிருப்பான்" என்பாள். அடுத்த நாள் எங்கள் நிகழ்ச்சியில் ஒருவன் ஏணி உச்சியிலிருந்து மேஜை மேல் விழுந்து முதுகுத் தோல் கிழிந்து கிடப்பான். அம்மா அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டே, "எல்லாம் பொய்யி. பேசி வச்சிக்கிட்டு பண்ணுதானுவ" என்பாள்.

"நேத்து அந்த நடிகன் அழுதது மட்டும் நெசமாக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாய மூடுட்டி. அது கலை."

இன்றைக்கும் எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. நடிப்பு என்றால் நடிப்புக்கு விருது கொடு. விளையாட்டு என்றால் விளையாட்டுக்கு விருது கொடு. ரெஸ்லிங்காரனை இரண்டு பேரும் சேர்க்க மாட்டார்கள். விளையாட்டுக்காரர்கள் அவனை நடிகன் என்று தள்ளுவார்கள், நடிகர்கள் அவனை அடியாள் என்று தள்ளுவார்கள். சினிமாவில் ஹீரோ மாடியிலிருந்து குதித்தால் உண்மையில் குதித்தவன் வேறொருவன். அவன் பெயர் படம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடும்போது ஓடும். ரெஸ்லிங்கில் ஹீரோவும் அவனே, குதிக்கிறவனும் அவனே. அதற்காகவே அவனுக்கு ஒன்றும் கிடையாது.

யார் ஜெயிப்பான் என்பது முன்பே முடிவானது என்று எங்களுக்குச் சொன்னவன் கீழ் வீட்டுப் பஞ்சாபிப் பையன். தம்பி ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வந்து கேட்டான்.

"எக்கா, ஜெயிக்கது பொய்யின்னா, விழுறதும் பொய்யா?"

நான் யோசித்துச் சொன்னேன். "அதெப்படிலே? ஆளுக்கு நடிக்கத் தெரியும். தரைக்குத் தெரியுமா?"

அவன் முகம் தெளிந்தது. அதிலிருந்துதான் எங்கள் விருது ஆரம்பித்தது. ஜெயித்தவனை விட்டுவிடுவோம், அவனை ஜெயிக்கச் சொன்னார்கள், ஜெயித்தான். நன்றாக விழுந்தவன் யார்? அடித்தவனின் அடியைப் பெரிய அடியாகக் காட்டுகிறவன் அடி வாங்குகிறவன்தான். அவன் சரியாக விழவில்லை என்றால் எதிராளி எவ்வளவு பெரிய மலையாக இருந்தாலும் கோமாளி ஆகிவிடுவான். இது ரெஸ்லிங் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்.

ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதி காலையிலும், வெளியே பனிமூட்டத்தில் எதிர் பிளாக்கே தெரியாத நேரத்தில், ஒரே ரஜாய்ப் போர்வைக்குள் உட்கார்ந்து பட்டியல் போடுவோம். சிறந்த மேட்ச், சிறந்த வில்லன், கேவலமான தலைமுடி, இப்படி ஏழெட்டு. கடைசி வரிதான் பெரிய விருது: நன்றாக விழுந்தவர். கோப்பை, அம்மா கழித்துப் போட்ட குக்கரின் வெயிட். சின்னதாக, கனமாக, நிறுத்தினால் அசல் கோப்பை போலவே நிற்கும். அந்த ரெஸ்லிங்காரன் அமெரிக்காவில் எங்கேயோ இருப்பான். அதனால் அவனுக்காக யார் வாதாடினார்களோ அவர்கள் டிரங்குப் பெட்டி மேல் ஏறி அவன் சார்பில் பேச வேண்டும். தம்பி ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரித்தான் ஆரம்பிப்பான். "என்னைத் தூக்கிப் போட்ட அண்ணனுக்கு நன்றி. அவர் ஒழுங்காத் தூக்கலன்னா நான் இன்னைக்கு இங்க நின்னுருக்க மாட்டேன்." நான் சிரித்துச் சிரித்து ரஜாயைக் கடிப்பேன்.

வளர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. எனக்குக் கல்யாணமாகி, அது ஒத்துவராமல் திரும்பி வந்த வருடம்கூடப் பட்டியல் போட்டோம். நான் மார்க் போடுவதில் கறார். அவன் எமோஷனல். அவனுக்குத் தோற்றவன் எல்லாம் நல்லவன்.

அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் வீட்டில் ஒருவருக்கு வேலை. நானா அவனா என்று வந்தபோது அவன், "நீ போக்கா. எனக்கு ஃபைல் தூக்க வராது, மனுசனத் தூக்குதேன்" என்று சொல்லிவிட்டு முனிர்காவில் ஒரு ஜிம்மில் டிரெய்னராகச் சேர்ந்தான். வேலை எனக்கு, அதனால் குவார்ட்டர்ஸும் என் பெயரில். அவன் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. மோதி பாகின் பழைய வீடுகளை இடிக்கத் தொடங்கியதும் லோதி ரோடுக்கு மாறினோம். அங்கேயும் முதல் மாடிதான்.

முப்பத்தாறு வயதில், மற்றவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பிக்கிற வயதில், அவன் ரெஸ்லிங் செய்யப் போனான். நஜஃப்கர் தாண்டி ஒரு பழைய கோடவுனில் சிலர் ரிங் போட்டு ஷோ நடத்துகிறார்கள் என்று ஜிம்முக்கு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதம் அவனுக்கு அடிக்கக் கற்றுக்கொடுக்கவே இல்லை. விழத்தான் கற்றுக்கொடுத்தார்கள். தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வேண்டும், இரண்டு கையாலும் தரையை அறைய வேண்டும், விழும்போது மூச்சை விட்டுவிட வேண்டும். வீட்டில் மெத்தையை இழுத்துப் போட்டு எனக்குக் காட்டுவான். கீழ் வீட்டுக்காரர் விளக்குமாற்றுக் கம்பால் சீலிங்கைத் தட்டுவார். அம்மா அவன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "பொய்யி பொய்யின்னு சொன்னேன், இதென்னலே இப்படிக் கன்னிப் போயிருக்கு" என்பாள்.

அவனுக்குக் கொடுத்த வேஷம் மதராசி வில்லன். வேறு என்ன கொடுப்பார்கள். நெற்றியில் பட்டை, கறுப்புக் கண்ணாடி, மடித்துக் கட்டிய லுங்கி. அவன் ரிங்குக்கு வரும்போது தேங்காய் உடைக்க வேண்டும். கூட்டம் "அபே இட்லி! லுங்கி உதார்!" என்று கத்தும். லுங்கியை அவிழ்க்கச் சொல்லித்தான். கடைசியில் அந்த ஊர் ஹீரோ ஒருவன் வந்து இவனைத் தூக்கிப் போட்டு ஜெயிப்பான். ஒவ்வொரு ஷோவிலும் இதுதான்.

முதல் தடவை பார்த்துவிட்டு வந்து நான் அவனிடம் கத்தினேன். "ஸ்கூல்ல அந்தப் பசங்க இப்படித்தானலே கூப்பிட்டானுவ? அடிச்சுட்டு வந்தேல்லா? இப்போ நீயே போய் நிக்கியா?"

"எக்கா, அப்போ சும்மா கத்துனானுவ. இப்போ டிக்கெட் எடுத்துக் கத்துதானுவ."

"வெக்கமா இல்ல?"

"விழுறது யாரு? நான். நல்லா விழுறேனா இல்லியா, அத மட்டும் சொல்லு. நீதான ஜட்ஜ்."

அவன் நன்றாகத்தான் விழுந்தான். பாசத்தில் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் பார்த்த கண் என்னுடையது. ஆனால் ஒரு குறை இருந்தது. லுங்கியை எங்கள் ஊர்ப்பக்கம் சாரம் என்பார்கள். அவன் மயங்கிக் கிடப்பது போல நடிக்கும்போது சாரம் தொடைக்கு மேல் ஏறிவிட்டால், அவன் இடது கை மெல்ல ஊர்ந்து வந்து அதை இழுத்து விட்டுக்கொள்ளும். உள்ளே கறுப்பு டிராயர் போட்டிருப்பான், இருந்தாலும் முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. தூக்கத்தில்கூட இழுத்து விட்டுக்கொள்வான். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தாலும் சட்டை இல்லாமல் பாத்ரூமிலிருந்து வர மாட்டான். அப்படிப்பட்டவன் ஆயிரம் பேர் முன்னால் போய் நிற்கிறான்.

அந்தக் கையை நான் விடவில்லை. ஒவ்வொரு ஷோ முடிந்ததும் அதையே சொல்லிக் காட்டுவேன். "செத்தவன் எங்கலே சாரத்தச் சரி பண்ணுவான்? பத்துக்கு ஏழுதான். மூணு மார்க்கு அந்தக் கைக்குப் போச்சு." அவன் தலையைச் சொறிவான். "தெரியுதுக்கா. என்னையறியாமப் போயிருது." ஜனவரிப் பட்டியலில் அவன் தன் பெயரையும் எழுதிப் பார்ப்பான். நான் அடித்துவிட்டு அமெரிக்காக்காரன் எவனுக்காவது கொடுப்பேன். இரண்டு வருடம் அப்படிச் செய்தேன். "கை நிக்கட்டும், குக்கர் வெயிட்டு ஒனக்குத்தான்" என்று சொன்னேன்.

அதற்கடுத்த டிசம்பர் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷோ. வழக்கமான கோடவுன் இல்லை, ஒரு கல்யாண ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பம். அம்மா முதல் தடவையாக வருகிறேன் என்றாள். காலையில் டீ குடிக்கும்போது அவன் என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னான்.

"எக்கா, இன்னைக்கு ஸ்ட்ரெச்சர் இருக்கு. விழுந்து அசையாமக் கெடப்பேன். நாலு பேரு தூக்கிட்டுப் போவானுவ. அம்மா பயந்துரும். நீ பக்கத்துலயே இரு, பாத்துக்க."

"நான் பாத்துக்கிடுதேன். நீ கையப் பாத்துக்க" என்றேன்.

அவன் சிரித்தான். அவன் நடந்துபோய்ச் செருப்பு மாட்டியதை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போது அதை ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. அடுப்பில் பால் இருந்தது.

ஹாலில் கல்யாணச் சரிகைத் துணிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. எங்களுக்கு மூன்றாவது வரிசையில் சோபா போட்டிருந்தார்கள். தம்பி தேங்காய் உடைத்துக்கொண்டு வந்தான். கூட்டம் கத்தியது. அம்மா என் காதில், "எதுக்குட்டி இவனப் போட்டு வையுதானுவ?" என்றாள். "வில்லன்மா, வஞ்சாத்தான் நல்லது" என்றேன். ஹீரோ வந்தான். ஹரியாணாக்காரன், ஆறரை அடி. நல்ல பையன். பின்னால் எத்தனையோ நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்து அழுதவன். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பத்து நிமிடம் நன்றாகப் போனது. அப்புறம் அந்தப் பையன் தம்பியைத் தோளுக்கு மேலே தூக்கினான். தூக்கித் திரும்பும்போது அவன் கால் வியர்வையில் சறுக்கியது. அதை நான் பார்த்தேன். கொஞ்சம்தான் சறுக்கியது. தம்பி கீழே வந்தான். இரண்டு கையும் தரையை அறைகிற சத்தம் வர வேண்டும். சத்தம் வந்தது, ஆனால் அந்தச் சத்தம் இல்லை. அவன் ஒருக்களித்த மாதிரி கிடந்தான். சாரம் இடுப்பு வரை ஏறிவிட்டது. நான் அவன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை வரவில்லை.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. உள்ளதைச் சொல்வேன் என்றேன், இதையும் எழுதுகிறேன். கடைசியில் திருத்திக்கொண்டான் என்று நினைத்தேன். இரண்டு வருடமாக நான் சொன்னது உறைத்துவிட்டது, பத்துக்குப் பத்து என்று நினைத்தேன். ரெஃப்ரி குனிந்து பார்த்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்துக் காட்டினான். உண்மையாகவே அடிபட்டுவிட்டது என்பதற்கு ரெஸ்லிங்கில் அதுதான் சைகை. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தச் சைகையையே கதைக்காகப் பொய்யாகக் காட்டுகிற தந்திரமும் எனக்குத் தெரியும். டிவியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அட, இதைக்கூடச் சேர்த்திருக்கிறார்களே என்று வியந்தேன். ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் பயந்திருப்பேன்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் எழுந்துவிட்டாள்.

"ஏட்டி, சாரம் வெலகிக் கெடக்கு."

"நடிப்பும்மா."

"சாரம் வெலகிக் கெடக்குட்டி. அவென் இழுத்து விடல பாரு. எம்புள்ளைக்கு என்னமோ ஆயிட்டு. என்ன விடு."

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவள் சோபாவில் விழுந்தாள். "உக்காரும்மா, நடிப்புதான், சூப்பரா பண்ணுதான்" என்று அந்த இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னேன். அவள் கையை விட்டுவிட்டுக் கை தட்டினேன். நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். காலையில் ஒத்திகை பார்த்தபடியே இரண்டு பேர் கையையும் இரண்டு பேர் காலையும் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். அவன் தலை பின்னால் தொங்கியது. அதற்கும் தட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் திரைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து, "மத்ராசி கே கர்வாலே கோன் ஹைன்?" என்று கேட்டான். மதராசியின் வீட்டார் யார் என்று. அப்போதுதான் என் கை நின்றது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தவர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கிஸ்னே உடாயா? ஐசே உடாதே ஹைன்?" என்று கேட்டார். யார் தூக்கியது, இப்படியா தூக்குவது? தூக்காமல் இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று பிறகு தனியாகப் போய்க் கேட்டேன். "ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம், சொல்ல முடியாது" என்றார். அவர் நல்லதுக்குத்தான் அப்படிச் சொன்னார். நான் ஆறு வருடமாக அந்த "சொல்ல முடியாது"வுக்குள் குடியிருக்கிறேன். அம்மா ஓடியிருந்தால் யாரையும் தொட விட்டிருக்க மாட்டாள். அவன் மேல் படுத்துக்கொண்டிருப்பாள். அது மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

உயிர் பிழைத்தான். கழுத்துக்குக் கீழே கொஞ்சம் தோள், வலது முழங்கை வரை அசைவு. விரல் மடங்காது. ஷோ நடத்தினவர் ஒரு தடவை பூங்கொத்தோடு வந்தார், அப்புறம் போனை எடுக்கவில்லை. மருத்துவக் காரணம் காட்டித் தரைத்தள வீடு கேட்டு நான் அலைந்தபோது ஒரு அதிகாரி விண்ணப்பத்தைப் பார்த்து, "ரெஸ்லிங்? வோ தோ நக்லி ஹோத்தா ஹை நா?" என்றார். அது பொய்தானே என்று. "ஹான் ஜி, கழுத்தும் நக்லிதான், வந்து திருப்பிப் பாருங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு வந்தேன். வீடு மூன்று மாதம் தள்ளிப்போனது. என் வாய் அப்படி.

அம்மா அவனிடம் அந்த ஹாலில் நடந்ததைச் சொல்லவே இல்லை. என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்று மட்டும் செய்தாள். அதற்குப் பிறகு நான் "உக்காரும்மா" என்று சொன்னால் உட்கார மாட்டாள். ஆஸ்பத்திரியில், பேங்கில், பஸ்ஸில்கூட. கால் வீங்கிப்போய் நிற்பாள். வேறு யாராவது சொன்னால் உட்காருவாள். நாலு வருடம் அப்படியே இருந்து செத்துப்போனாள்.

பட்டியல் போடுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். அந்த வருடத்துப் பட்டியலைத் தம்பி டிசம்பர் நடுவிலேயே எழுதி வைத்திருந்தான். அவன் கையெழுத்தில் எல்லா வரியும் நிரம்பியிருக்கும். கடைசி வரி மட்டும் காலி. அதை ஆபீஸ் கவர் ஒன்றில் போட்டு என் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். குக்கர் வெயிட் டிவிக்குப் பக்கத்திலேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை, யாரும் அப்புறப்படுத்தவும் இல்லை.

இந்த வருடம் ஒரு ஞாயிறு மத்தியானம். அவனுக்குச் சோறு ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, டிவியைப் போட்டேன். சினிமா விருது விழாவின் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. மாற்றப் போனேன். "இருக்கட்டும், அம்மா புரோகிராம்லா" என்றான். சிறந்த நடிகர் விருது, ரெஸ்லிங்காரனாக நடித்த ஒருவனுக்கு. அவன் மேடை ஏறினான். கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். படத்துக்காக எட்டு மாதம் பயிற்சி எடுத்தானாம். ஒரு காட்சியில் முட்டி பிசகிப் பத்து நாள் படுத்திருந்தானாம். குரல் உடைந்தது. ஹாலே எழுந்து நின்று தட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "செருப்பால அடிக்கணும்" என்றேன்.

"ஏன்க்கா? நல்லாத்தான் பண்ணியிருந்தான். ஆனா விழத் தெரியல. தாடைய ஒட்டவே இல்ல. பெருசா விழுந்ததெல்லாம் வேற எவனோ." அப்புறம் கேட்டான். "அந்த வருச லிஸ்டு இருக்கா?"

"இருக்கு."

"கடைசி லைன் காலியாத்தான கெடக்கு? யாருக்குக் குடுத்திருப்ப?"

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. அம்மா எழுந்ததை, சாரம் விலகியதை அவள் பார்த்துவிட்டதை, நான் இழுத்து உட்கார வைத்ததை, பத்துக்குப் பத்து என்று நினைத்ததை, அவர்கள் தூக்கும்போதும் தட்டியதை, டாக்டர் கேட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவனுடைய கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னேன்.

முடித்ததும் அவன் சொன்னான். "தெரியும்."

"அம்மா சொல்லிச்சா?"

"ஒடம்புதான் போச்சு, காது கேட்டுச்சுல்லா. அத்தன பேரும் இந்தில கத்துதான். தமிழ்ல ஒரே ஒரு சத்தம். 'சூப்பரா பண்ணுதான்'னு." அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். அவனுக்கு நீளமாகப் பேச மூச்சு போதாது. "கேட்டதும் ஒரு செகண்டு சந்தோசமா இருந்துச்சுக்கா. நெசமாவே. அக்கா மார்க்கு போட்டுட்டான்னு. அப்புறம் கைய இழுக்கப் பாத்தேன். நீ பாத்துக்கிட்டிருப்பன்னு தெரியும். கை அசஞ்சா மார்க்கு போனாலும் போகட்டும், அசைச்சுருவோம்னு பாத்தேன். வரல. அப்பந்தான் பயந்தேன்."

நான் காத்திருந்தேன். "பரவால்லக்கா" என்று சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. ரிங்குக்கு வெளியே அவன் நடிக்கிறவன் இல்லை. ஆறு வருடமாகத் தெரிந்தும் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான் என்பது மட்டும் எனக்கு அப்போது புரிந்தது. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அவனுக்கு ஊட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

எழுந்து போய்க் குக்கர் வெயிட்டை எடுத்து வந்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. ஆறு வருடத் தூசி. சேலையில் துடைத்தேன். அவன் உள்ளங்கையில் வைத்தேன். விரல் மடங்காததால் அது உருண்டு மெத்தையில் விழுந்தது. மறுபடி வைக்கப் போனேன்.

"வேண்டாம்" என்றான். "அது நான் விழுந்தது இல்லக்கா. என்னப் போட்டது. அதுக்கு எதுக்கு விருது?"

டிவியில் அடுத்த விருதுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கண்ணால் கீழே காட்டினான்.

"சாரத்த இழுத்து விடு. அப்பவே புடிச்சு வெலகிக் கெடக்கு."

பார்த்தேன். முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. நான் பேசிக்கொண்டே இருந்த நேரம் முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறது. இழுத்துக் கணுக்கால் வரை மூடிவிட்டேன்.